யாரால் எத்தனை நாள் தாங்க முடியும்?

1936ஆம் ஆண்டில், இந்தியக் கிராமத்தின் சாதி ஏற்பாட்டைப் பற்றி இரண்டு நூல்கள் அச்சில் வந்தன. ஒன்றை எழுதியவர் வில்லியம் வைசர் என்ற அமெரிக்க மிஷனரி. அன்றைய ஐக்கிய மாகாணத்துக் கிராமம் ஒன்றில் மனைவியோடு தங்கியிருந்து, தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் முதலானோர் நிலமுடையவர்களுக்குச் செய்த வேலைகளையும், அதற்கு ஈடாக அறுவடையின்போது அவர்கள் பெற்ற தானியத்தையும் அவர் பொறுமையாகக் குறித்துவைத்தார். இன்று பாடநூல்கள் ஜஜ்மானி முறை என்று அழைக்கும் ஏற்பாடு அவருடைய நூலின் வழியாகத்தான் ஆய்வுலகில் நிலைபெற்றது. அந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் ஒரு நேரம் எஜமானர், ஒரு நேரம் ஊழியர் என்பது வைசர் கண்ட சாரம். மற்றொன்று, அம்பேத்கர் லாகூரில் நடக்கவிருந்த மாநாட்டுக்கென்று எழுதிய தலைமையுரை. அழைத்தவர்களே அதன் கருத்துகளைக் கண்டு தயங்கி மாநாட்டைக் கைவிட்டுவிட்டதால், அவர் அதைத் தாமே நூலாக அச்சிட்டார். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதான் என்று வாதிட்டவர்களுக்கு அதில் அவர் சொன்ன பதில் சுருக்கமானது: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது. குடி அரசு வழியே அந்த உரை சீக்கிரமே தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

சமூகவியல் வகுப்பில், சமூகத்தை ஒன்றாகப் பிடித்துவைப்பது எது என்று கேட்கும் செயல்பாட்டுக் கோட்பாட்டையும், அதில் யார் யாரை அடக்கி வைத்திருக்கிறார் என்று கேட்கும் முரண்பாட்டுக் கோட்பாட்டையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்த வேண்டிய நாட்களில் நான் இந்த இரண்டு நூல்களிலிருந்துதான் தொடங்குவேன். தேர்வுக்கான கையேடுகளில் இந்தப் பாடம் இரண்டு பத்திகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பக்கம் துர்க்கைம், பார்சன்ஸ், ஒழுங்கு, சமநிலை, பொது விழுமியம். மறுபக்கம் மார்க்ஸ், டாரன்டார்ஃப், அதிகாரம், சுரண்டல், மாற்றம். கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று ஒரு வரி எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடிவதில்லை. ஒரே ஊரைப் பார்த்து, ஒரே நெற்குவியலைப் பார்த்து, ஒன்று நேர்மையான பரிமாற்றம் என்றும் மற்றொன்று பறிப்பு என்றும் சொல்லும்போது, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து உண்மையைப் பெற முடியாது. எங்கே ஒன்று சரி, எங்கே மற்றொன்று சரி, எந்தக் கேள்வியைக் கேட்டால் அது தெரியவரும் என்பதைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் காவிரிப் படுகை. அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் செயல்பாட்டுக் கோட்பாட்டுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் அது எழுப்பிய கேள்வி உண்மையிலேயே கடினமானது. தொழில்கள் பிரிந்து, வாழ்க்கை முறைகள் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குப் புரியாத அளவுக்குச் சமூகம் கிளைத்துப் போன பிறகு, அதைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1893இல் கேட்டார். அந்த வேறுபாடுகளே பிணைப்பாகின்றன, ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவதே ஒற்றுமையின் ஊற்று என்பது அவருடைய விடை. பிறகு ராட்கிளிஃப் பிரவுன், உயிருள்ள உடலில் ஒவ்வோர் உறுப்பும் உடலின் தொடர்ச்சிக்குத் தன் பங்கைச் செலுத்துவதுபோல ஒவ்வொரு வழக்கமும் சமூகக் கட்டமைப்பின் தொடர்ச்சிக்குப் பங்களிக்கிறது என்று இந்தச் சிந்தனையை மானிடவியலாளரின் களப்பணிக்கான வழிமுறையாக மாற்றினார். 1950களில் டால்காட் பார்சன்ஸ் இதை ஒரு பெரும் கட்டுமானமாக எழுப்பினார். சூழலுக்கு ஈடுகொடுத்தல், இலக்கை அடைதல், உறுப்புகளை ஒருங்கிணைத்தல், விழுமியங்களைப் பேணுதல் ஆகிய நான்கு தேவைகளை நிறைவேற்றாத எந்தச் சமூக அமைப்பும் நிலைக்காது என்பதும், மனிதர்கள் சிறு வயதிலேயே தங்களுக்குள் வாங்கிக்கொண்ட பொது விழுமியங்களே அந்த நிலைப்புக்கு ஆதாரம் என்பதும் அதன் மையக் கருத்து.

துர்க்கைமின் பின்னால் வந்தவர்கள் அவருடைய நூலின் இறுதிப் பகுதியைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் எண்ணம். அங்கே அவர் கட்டாய வேலைப் பிரிவினை என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். பிறப்பால் வரும் வர்க்கமும் சாதியும் ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கும்போது, திறமைக்கும் இடத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. அப்போது வேலைப் பிரிவினை ஒற்றுமையைத் தராமல் பகையைத் தருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது செயல்பாட்டுக் கோட்பாட்டின் மூல நூலிலேயே சாதி ஒரு நோய்க்குறியாகத்தான் பதிவாகியிருக்கிறது.

இனிக் களத்துமேட்டுக்கு வருகிறேன். தஞ்சைப் பகுதியில் சிறு மிராசு, அதாவது பரம்பரை நிலவுடைமை, வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பழைய முறைப்படி களத்தில் நெல் அளந்த காலத்தை என் பெரியப்பா பெருமையோடு விவரிப்பார். தூற்றி முடித்த பொலியைக் கூம்பாகக் குவித்து, சாணத்தால் குறியிட்டு, கிழக்கு நோக்கிக் கும்பிட்டுவிட்டு, முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று சொல்லி அளக்கத் தொடங்குவார்களாம். குவியல் வீட்டுக்குப் போகும் முன்பே அதிலிருந்து வண்ணாருக்கு, நாவிதருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு என்று, சுதந்திரம் எனப்பட்ட அவரவர் வழக்கப் பங்கு பிரிந்துவிடும். ஆண்டு முழுவதும் துணி வெளுத்தவர், ஏர் செப்பனிட்டவர், பிணம் எரித்தவர் எவரும் அன்று வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. விளைச்சல் கூடினால் பங்கும் கூடியது. குறைந்தால் எல்லோருக்கும் குறைந்தது. வைசர் வடக்கே கண்டதும், பெரியப்பா தெற்கே கண்டதும் ஒன்றுதான்.

அதே வட்டாரத்தில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து நடவும் அறுப்புமாக உழைத்து முதுமையடைந்த ஒரு பாட்டியிடமும் அதே களத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். “பொலி தூத்துனா நல்ல நெல்லு ஒரு பக்கம், கருக்கா ஒரு பக்கம் ஒதுங்கும் தம்பி. எங்களுக்கு அளக்கையில ரெண்டும் ஒண்ணாச் சேந்துரும்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “மரக்கா அவங்க கையில. எங்க கையில கூடைதான். அளவு சரியில்லன்னு யாரு சொல்றது?” என்றார். பெரியப்பாவின் விவரிப்பில் யார் யாருக்கு எவ்வளவு என்பது இருந்தது. மரக்கால் யார் கையில் இருந்தது என்பது இல்லை. அவர் அதை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. குவியலின் அந்தப் பக்கம் நின்றவருக்கு அது ஒரு தகவலாகவே தோன்றியிருக்காது.

இதே குறையைத்தான் தாமஸ் பைடல்மன் 1959இல் ஜஜ்மானி முறை பற்றிய எழுத்துகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது சுட்டிக்காட்டினார். பரிமாற்றம் நடக்கிறது என்பது உண்மை, ஆனால் ஒரு தரப்பிடம் நிலம் இருக்கிறது, மறுதரப்பிடம் உழைப்பு மட்டுமே இருக்கிறது. எனவே இதைச் சமமானவர்களின் கொடுக்கல் வாங்கல் என்று விவரிப்பது தவறு என்றார் அவர். அமெரிக்கச் சமூகவியலிலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே விவாதம் வேறு உருவில் நடந்துகொண்டிருந்தது. முக்கியமான பொறுப்புகளுக்குத் திறமையானவர்களை ஈர்க்க வேண்டுமானால் அவற்றுக்கு அதிக வெகுமதி தேவை, ஆகவே ஏற்றத்தாழ்வு எந்தச் சமூகத்துக்கும் தவிர்க்க முடியாதது என்று கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் எழுதினார்கள். ஏற்றத்தாழ்வு ஒரு தலைமுறையில் நிலைபெற்றுவிட்டால் அடுத்த தலைமுறையின் திறமையைக் கண்டுபிடிக்கவே அது தடையாகிவிடுகிறது என்று மெல்வின் டூமின் 1953இல் மறுத்தார். பிறப்பிலேயே பணியை ஒதுக்கிவிடும் சாதியைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் இந்த விவாதத்தில் டூமினின் பக்கம் நிற்பது கடினமாக இராது. அதைவிட முக்கியமானவர் ராபர்ட் மெர்ட்டன். அவர் செயல்பாட்டுக் கோட்பாட்டின் உள்ளேயே நின்றவர். ஆனால் ஒரு வழக்கம் சமூகம் முழுவதற்கும் ஒரே மாதிரி நன்மை செய்கிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பிரிவுக்குப் பயன் தருவது இன்னொரு பிரிவுக்குக் கேடாகலாம் என்று 1949இலேயே எச்சரித்தவர். யாருக்குப் பயன் என்ற கேள்வியை அந்த முகாமுக்குள்ளேயே எழுப்பியவர் அவர்.

ஆனாலும் யாருக்குப் பயன் என்று கேட்பதோடு நின்றுவிட்டால் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பயன் மேலே போகிறது என்று காட்டிய பிறகும், கீழே இருப்பவர் ஏன் விலகவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இங்கேதான் ஆல்வின் கூல்ட்னர் 1959இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மற்ற எதையும்விட அதிகமாக உதவியிருக்கிறது. ஓர் அமைப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்று சொல்வதோடு செயல்பாட்டுக் கோட்பாடு திருப்தியடைந்துவிடுகிறது. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே அளவில் சார்ந்திருப்பதில்லை, சில உறுப்புகள் மற்றவை இல்லாமலும் நெடுநாள் பிழைக்கக்கூடியவை என்றார் அவர். அந்தத் தன்னிறைவின் அளவு உறுப்புக்கு உறுப்பு வேறுபடுகிறது. இதை நான் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்து இப்படிக் கேட்டுப் பார்க்கிறேன்: உறவு அறுந்தால், யாரால் எத்தனை நாள் தாங்க முடியும்?

வண்ணார் ஒரு மாதம் துணி எடுக்க வரவில்லை என்றால் மிராசுதார் வீட்டில் சங்கடம் உண்டு, பட்டினி இல்லை. மிராசுதார் ஒரு போகம் நெல் அளக்கவில்லை என்றால் வண்ணார் வீட்டில் அடுப்பு எரியாது. இருவருக்கும் இருவரும் தேவை என்ற வாக்கியம் இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த வாக்கியம் தவறானதல்ல, அளவில்லாதது. அளவைச் சேர்த்துப் பார்த்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது. பத்தாயத்தில் நெல் இருப்பவர் காத்திருக்கலாம். அன்றாடம் கூலி வாங்கிக் குத்திச் சமைப்பவர் காத்திருக்க முடியாது.

இதே கேள்வியை வேறொரு நேரத்தில் கேட்டால் விடை மாறுவதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் பிணம் கிடக்கும்போது வெட்டியான் வர மறுத்தால் மிராசுதாரால் ஒரு நாள்கூடத் தாங்க முடியாது. நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது நடவாட்கள் இறங்காவிட்டாலும், கதிர் தலைசாய்ந்து மழை மிரட்டும்போது அறுப்பாட்கள் வராவிட்டாலும் நிலைமை அதேதான். அந்தச் சில நாட்களில் சார்பு தலைகீழாகிவிடுகிறது. சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காகவும், அறுவடை நேரத்தில் கூலி உயர்வு கேட்டதற்காகவும் தமிழகத்துக் கிராமங்களில் ஊர்விலக்கமும் அடியும் தீவைப்பும் நடந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பொது விழுமியத்தால் மட்டும் கட்டுண்ட ஒரு சமூகத்தில், ஒருவர் தன் பணியைச் செய்ய மறுப்பது வருத்தத்தையோ வியப்பையோ தரலாம். இவ்வளவு உடனடியான வன்முறையைத் தர வேண்டியதில்லை. வன்முறை அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே எப்போதும் தயாராக இருந்தது, மறுப்பு வரும்வரை அதற்கு வேலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கேத்லீன் கஃப் இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே ஊரில் வைத்து வாழ்ந்து பார்த்தவர். கேம்பிரிட்ஜில் பயின்ற ஆங்கிலேய மானிடவியலாளரான அவர், 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். அவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த புனைபெயர் கும்பபேட்டை. அக்கிரகாரத்துப் பிராமண மிராசுதார்கள், பிராமணரல்லாத குத்தகைதாரர்களும் ஊழியச் சாதியினரும், ஊருக்கு வெளியே பள்ளர் தெருக்கள் என்று அமைந்த ஊர் அது. 1955இல் வந்த அவருடைய கட்டுரைகளில், அந்த ஊர் ஒரு காலத்தில் பிராமணர்களின் நிர்வாகத்தில் ஒருங்கிணைந்த ஓர் அலகாக இயங்கியது என்பதும், சந்தைப் பொருளாதாரமும் வெளியூர் வேலைகளும் நிலக் கைமாற்றமும் அந்த ஒருமையை எப்படித் தளர்த்தின என்பதும் விரிவாக விவரிக்கப்படுகின்றன. ஒருமை முதலில் இருந்தது, பிறகு குலைந்தது என்ற அந்தக் கதைக் கட்டமைப்பு அன்றைய பிரிட்டிஷ் மானிடவியலின் பயிற்சியிலிருந்து வந்தது. 1976இல் அவர் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார். 1981இல் வெளியான அவருடைய பெரிய நூலில், அதே 1950களின் களக்குறிப்புகள் மார்க்சியச் சட்டகத்துக்குள் மறுபடி எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே தஞ்சையின் காலனியக் கால வரலாறு, நிலவரி, ஏற்றுமதி, வர்க்கங்களின் அமைப்பு ஆகியவை முன்னே வருகின்றன. ஊரின் ஒருமை பின்னால் நகர்கிறது.

இடையில் அவர் வாழ்க்கையிலும் நிறைய நடந்திருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்தபோது கியூபா நெருக்கடியிலும் வியட்நாம் போரிலும் அமெரிக்க அரசை எதிர்த்துப் பேசி அதற்கான விலையைக் கொடுத்தார். மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்த துறை என்று வெளிப்படையாக எழுதினார். ஆனால் அவருடைய பார்வை மாறியதற்கு அரசியலை மட்டும் காரணமாகச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. இந்தியாவில் ஆங்கிலேயர் காலம் தொட்டு நடந்த 77 உழவர் எழுச்சிகளைத் தொகுத்து 1974இல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்தால், ஆதாரங்களே அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கின்றன என்பது தெரியும். இணக்கம் இயல்பு, கலகம் விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டால் இத்தனை விதிவிலக்குகளுக்கு இடம் ஒதுக்க முடியாது.

தஞ்சையில் அந்த வரலாறு நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் கிழக்குத் தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியபோது, சவுக்கடியையும், சாணத்தைக் கரைத்துச் சாணிப்பாலாகப் புகட்டும் தண்டனையையும் நிறுத்து என்பதும் முதல் கோரிக்கைகளில் அடங்கும். பரஸ்பரச் சேவை என்று பெயர் பெற்ற ஓர் ஏற்பாட்டில் சவுக்குக்கு என்ன வேலை என்பதை எந்தச் செயல்பாட்டு விளக்கமும் எனக்கு இன்றுவரை தெளிவுபடுத்தியதில்லை. 1952இல் ராஜாஜி அரசு தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, நினைத்தபோது வெளியேற்றுவதற்குத் தடைவிதித்து, கூலியையும் நிர்ணயித்தது. நிலவுடைமையாளர்கள் பலர் பண்ணையாள் என்ற உறவையே விட்டுவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். சட்டம் ஒரு தரப்பின் தாங்கும் திறனை உயர்த்த முயன்றதும், மறுதரப்பு உறவின் வடிவத்தையே மாற்றித் தன் தாங்கும் திறனைக் காத்துக்கொண்டது. 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் பரவி, விளைச்சலும் லாபமும் கூடியபோது, கூலியைப் பற்றிய தகராறும் கூடியது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். தகராறின் மையத்தில் இருந்தவை கூலியாக அளக்கும் நெல்லில் சிறு உயர்வு, செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தது, உள்ளூர் ஆட்களைத் தவிர்த்துவிட்டு வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியது ஆகியவை. கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்துவிட்டது. இந்த மூன்று காரணங்களையும் கூல்ட்னரின் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். வெளியூர் ஆட்கள் என்பது உள்ளூர்த் தொழிலாளர் இல்லாமலும் மிராசுதார் தாங்குவதற்கான வழி. சங்கம் என்பது கூலி இல்லாமலும் தொழிலாளர் சில நாட்களேனும் சேர்ந்து தாங்குவதற்கான வழி. மோதல் நெல்லின் அளவைப் பற்றியது மட்டுமன்று, தாங்கும் திறன் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. நவீனம் நுழைந்ததால் பழைய ஒற்றுமை சீர்குலைந்தது, அதன் விளைவே வன்முறை என்ற விளக்கம், சவுக்கும் சாணிப்பாலும் நவீனத்துக்கு முந்தையவை என்பதை மறந்துவிட்டுத்தான் சொல்லப்பட முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகு, முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு ஒரு கடினமான கேள்வியை வைக்காமல் போனால் அது நேர்மையாகாது. அந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் மைக்கேல் மொஃபட். செங்கல்பட்டு மாவட்டத்து எண்டாவூரில் அவர் செய்த ஆய்வு 1979இல் நூலாக வந்தது. மேல்சாதியினரின் புரோகிதரும் வண்ணாரும் தங்களுக்குப் பணி செய்ய மறுத்த இடங்களில், அங்கிருந்த பறையர்கள் தங்களுக்கென்று புரோகிதராக வள்ளுவப் பண்டாரத்தையும் வண்ணாராகப் புதிரை வண்ணாரையும் கொண்டிருந்தார்கள். தங்களை ஒதுக்கிய அதே படிநிலையைத் தங்களுக்குள்ளும் மறுபடி அமைத்துக்கொண்டிருந்தார்கள். இதிலிருந்து, ஒடுக்கப்பட்டவர்களும் அந்த அமைப்பின் விழுமியங்களோடு ஒத்துப்போகிறார்கள் என்ற முடிவுக்கு மொஃபட் வந்தார். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய ஜோன் மென்ச்சர், 1974இல் இதற்கு நேர் எதிரான முடிவை எழுதியிருந்தார். கீழிருந்து பார்த்தால் சாதி ஒரு பொருளாதாரச் சுரண்டல் முறை. நிலமற்றவர்கள் தங்கள் நிலைக்குக் கர்ம வினையைக் காரணம் காட்டுவதில்லை, நிலத்தையும் பலத்தையும்தான் காட்டுகிறார்கள் என்றார் அவர்.

மொஃபட் விவரித்த செய்திகள் உண்மையானவை என்றே நினைக்கிறேன். அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. படிநிலையின் கடைசிப் படியிலும் இன்னொரு படி வெட்டப்பட்டிருப்பது, அங்கே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களை நியாயமானவர்கள் என்று ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகாது. வேறு எந்த மரியாதையும் கிடைக்காத இடத்தில் கிடைக்கக்கூடிய ஒரே மரியாதை அதுவாக இருக்கலாம். ஆனால் முரண்பாட்டுக் கோட்பாட்டாளர்களில் பலர் இந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடுகிறார்கள், அல்லது ஒடுக்கப்பட்டவர் தம் நலனைத் தாமே அறியாத தவறான உணர்வுநிலை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு வழிகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரிடம் திரும்பினால்தான் வழி கிடைக்கிறது. அவர் விவரித்தது இரு வர்க்கங்கள் எதிரெதிரே நிற்கும் சமூகத்தை அன்று. ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரை வைத்து, மிகக் கீழே இருப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இழப்பதற்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவைத்திருக்கும் படிநிலைச் சமத்துவமின்மையை. இந்த விவரிப்பில் செயல்பாட்டுக் கோட்பாட்டின் கேள்விக்கும் விடை இருக்கிறது: அமைப்பு நிலைத்து நிற்பதற்குக் காரணம் பொது விழுமியம் அன்று, சேர்ந்து எதிர்க்கக்கூடியவர்கள் சேர முடியாதபடி அது கட்டப்பட்டிருப்பதே. மரபான வர்க்கப் பகுப்பாய்வு தடுமாறிய இடமும் இதுதான். கீழ்வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிக் கொலையா என்று இடதுசாரிகளும் தலித் சிந்தனையாளர்களும் இன்றுவரை வாதிடுகிறார்கள். அதே வட்டாரத்தில் கூலிக்கு உழைத்த பிற சாதியினரும் இருந்தார்கள். எரிக்கப்பட்ட குடிசை இருந்தது சேரியில். கூலியைக் கேட்டது ஒரு வர்க்கம் என்று சொல்லலாம். கேட்டதற்கான தண்டனை விழுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சாதி.

ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட ஊரை ஆராய்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன, இப்போது தனித்தனியே விலகத் தொடங்கியிருக்கின்றன என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழியில் எழுதினார். அந்த நூலைப் பாடத்தில் வைப்பவர்கள் பெரும்பாலும் அதை இரு கோட்பாடுகளுக்கும் நடுவே ஒரு சமரசமாக வைக்கிறார்கள். நான் அதை அப்படிப் படிப்பதில்லை. மூன்றும் விலகத் தொடங்கும்போது யாருடைய தாங்கும் திறன் எதனால் கூடுகிறது என்று தனித்தனியே கேட்க முடிகிறது என்பதே அதன் பயன்.

அப்படிக் கேட்கும்போது கடந்த சில பத்தாண்டுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தமிழகத்தில் நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011இலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. கீழ்வெண்மணி இருப்பது அந்த மாவட்டத்தில்தான். திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீடுகள் சேரியிலும் இருக்கின்றன. கூலி இல்லாத வாரத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், களத்துமேட்டின் பழைய கணக்கு மாறிவிட்டது. எங்கள் பக்கத்துத் திருமண வீடுகளில் நிலம் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு அரைமணி நேரத்துக்குள் ஆள் கிடைக்கவில்லை என்பதில் வந்து நிற்கும். இலவச அரிசி ஊரைக் கெடுத்துவிட்டது, நூறு நாள் வேலை சோம்பேறியாக்கிவிட்டது, முன்பெல்லாம் எல்லோரும் ஒரு குடும்பம்போல இருந்தோம் என்பார்கள். அந்த ஒற்றுமையைப் பற்றிய வருத்தத்தில் உண்மையான உணர்வு இருக்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுதரப்புக்கு இரண்டு வாரம் காத்திருக்கும் வசதி கிடைத்த உடனே குலைந்துபோன ஒற்றுமை எதன்மேல் நின்றிருந்தது என்பதை அந்த வருத்தத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சாகுபடிக் காலத்தில் நூறு நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை விவசாய அமைப்புகளிடமிருந்து பல ஆண்டுகளாக வந்திருக்கிறது. இயந்திரத்துக்கும் கடனுக்கும் நடுவே நசுங்கும் சிறு விவசாயியின் நெருக்கடி அதில் இருக்கிறது. இந்தச் சிறு விவசாயிகளில் தலித்துகளும் உண்டு, நேற்றைய குத்தகைதாரர்களும் உண்டு. செயல்பாட்டு நோக்கில் இதை உழைப்பின் வரத்தையும் தேவையையும் ஒத்திசைக்கும் ஏற்பாடு என்று விளக்கலாம். ஆனால் நிறுத்தி வைக்கச் சொல்லும் காலம் எது என்று பார்த்தால், அது நடவும் அறுப்பும் நடக்கும் காலம்; உழைப்பவருக்குப் பேரம் பேசும் வலு இருக்கும் அந்தச் சில வாரங்கள். என் மாணவர்களுக்கு இந்த ஆண்டு கட்டுரைத் தலைப்பாக அந்தக் கோரிக்கையையே கொடுத்திருக்கிறேன். இரண்டு கோட்பாடுகளையும் பயன்படுத்தி எழுதலாம், ஆனால் மாற்று வேலை அந்த வாரங்களில் நின்றுபோனால் நிலமுடையவர் எத்தனை நாள் தாங்குவார், நிலமற்றவர் எத்தனை நாள் தாங்குவார் என்பதற்கு ஒரு கிராமத்தில் நேரில் கேட்டு எழுதிய விவரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.